திருகோணமலை: கச்சான் காற்றும் கடைக் கணக்கும்

7 ஆகஸ்ட் 2025, வியாழன்

ஹொரவப்பொத்தானையைத் தாண்டியதும் வெயிலின் குணம் மாறிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் ஆடி மாதத்து வெயிலுக்குக் குறைவில்லை. ஆயினும் வறண்ட காட்டையும் அறுவடை முடிந்த வயல்களையும் கடந்து கிழக்குக் கரைக்கு வரும் கச்சான் காற்று, காரின் கண்ணாடியைச் சற்று இறக்கினாலும் முகத்தைச் சுட்டது. அம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்தபடி, எப்போது வந்து சேருவோம் என்று தம்பியைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

நகருக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் தேடியது தேநீரைத்தான். பேருந்து நிலையத்துக்கு அருகே இருந்த ஒரு சிறிய தேநீர்க் கடையில் அமர்ந்த மாத்திரத்திலேயே, கேட்காமலே, வடையும் ரோல்ஸும் பற்றிஸும் குவிந்த ஒரு தட்டு மேசைக்கு வந்துவிட்டது. நம் நாட்டுத் தேநீர்க் கடைகளின் பழைய வழக்கம் இது. தட்டை முழுதாக வைத்துவிடுவார்கள். நாம் எழும்பும்போது மிச்சத்தை எண்ணி, உண்டதற்கு மட்டும் காசு வாங்குவார்கள். ஒரு மேசையில் தொட்டுப் பார்த்த பண்டம் அடுத்த மேசைக்குப் போகிறதே என்று சுகாதாரம் பேசுவோர் முகம் சுளிப்பதில் நியாயமுண்டு. ஆனால் வாடிக்கையாளரை இந்த அளவுக்கு நம்பும் வேறொரு வியாபாரத்தை நான் கண்டதில்லை.

கணக்குப் பார்க்க வந்த பையனுக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். இரண்டு ரோல்ஸ், மூன்று வடை, மூன்று இஞ்சிப் பிளேன்டீ என்று சொன்னான். நான்கு வடை தம்பி என்று அம்மா திருத்தினார். "தெரியும் அம்மா, அந்த ஒண்டு காலமை போட்டது, ஆறிப் போச்சு, அதுக்குக் காசு வேண்டாம்" என்றான் அவன். ஆறிய வடையை முதலிலேயே தட்டிலிருந்து எடுத்திருக்கலாமே என்று தம்பி வெளியே வந்த பிறகு முணுமுணுத்தான். அதுவும் சரிதான்.

உப்புவெளியில் பதிவு செய்திருந்த விடுதியில்தான் இந்தப் பயணத்தின் முதற் சிக்கல் காத்திருந்தது. பாடசாலை விடுமுறையும் பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் வார இறுதியும் ஒன்றாகச் சேர்ந்ததில் கடற்கரையோர விடுதிகள் எல்லாமே நிரம்பி வழிந்தன. அம்மாவின் முழங்கால் நிலையைச் சொல்லிக் கீழ்த்தளத்தில் அறை கேட்டிருந்தோம். போய் இறங்கினால் மூன்றாம் மாடியில் ஓர் அறை மட்டுமே மிச்சம். வரவேற்பில் நின்ற இளைஞர் மழுப்பவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்துக்குக் கீழறைகளைக் கொடுத்துவிட்டதாகவும், அது தங்கள் பக்கத்துப் பிழைதான் என்றும் ஒத்துக்கொண்டு, முற்பணத்தை எண்ணிக் கையில் தந்தார். பிறகு, இரண்டு ஒழுங்கை உள்ளே தன் பெரியம்மா வீட்டில் வாடகைக்கு ஓர் அறை இருக்கிறது, குளிர்சாதனம் கிடையாது, கடலும் தெரியாது, வேண்டுமானால் பார்க்கலாம் என்றார். இல்லாதவற்றை முதலில் சொல்லி ஓர் அறையை வாடகைக்கு விட முயல்பவரை அன்றுதான் பார்த்தேன். அம்மாவுக்கு அந்த வீட்டின் முற்றத்து வேப்பமரம் போதுமாக இருந்தது. நாளொன்றுக்கு 4,500 ரூபாய். விடுதியில் நாங்கள் கொடுக்கவிருந்ததில் பாதிக்கும் குறைவு. இரவில் மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றித் தந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

8 ஆகஸ்ட், வெள்ளி

இன்று நிக்கினிப் போயா, ஆடி வெள்ளியும்கூட. இரண்டும் ஒரே நாளில் வந்தால் கோணேசர் மலையில் கூட்டம் எப்படியிருக்கும் என்று வீட்டுக்கார அக்கா முன்னமே எச்சரித்திருந்ததால், காலை ஆறரைக்கெல்லாம் பிரெட்றிக் கோட்டை வாசலில் நின்றோம். அப்போதே தென்னிலங்கை இலக்கத் தகடுகளுடன் பேருந்துகள் வரிசை கட்டியிருந்தன.

போர்த்துக்கேயர் மலையுச்சிக் கோவிலை இடித்து, அதன் கற்களையே கொண்டு இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். பின்னர் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இன்று உள்ளே இராணுவம் இருக்கிறது. கோவிலுக்குப் போவதற்கு இராணுவ வாசலைக் கடக்கும் இந்த வழக்கம் பலருக்குப் பழகிப்போய்விட்டது. எனக்கு இன்னும் பழகவில்லை. நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சுவதே இல்லை. ஒரு கொம்பன் அம்மாவின் அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை மோந்து பார்த்து, அம்மா அதட்டியும் நகராமல், நடைபாதை நெடுகப் பின்தொடர்ந்தது. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் சற்றுத் தள்ளி இன்னொரு மான் மதிய உணவு கட்டிய பொலித்தீன் தாளை மென்றுகொண்டிருந்ததைக் கண்டபோது, பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த இருபது பேரில் ஒருவருக்கும் அதைப் பிடுங்கி எறியத் தோன்றவில்லை. தம்பி முயன்றான், மான் தாளோடு ஓடிவிட்டது.

மலையேறும் வழியின் இருபுறமும் கடைகள். பனையோலைப் பெட்டிகள், விளையாட்டுப் பொருட்கள், உருத்திராக்கம் என்று சொல்லி விற்கப்படும் ஏதோ கொட்டைகள், அச்சாறு, தொப்பி. சிங்களத்தில் விலை கேட்ட ஒரு குடும்பத்துக்கும், அவர்களுக்குப் பின் தமிழில் கேட்ட எங்களுக்கும் அர்ச்சனைத் தட்டை ஒரே விலைக்கே அந்தக் கடைக்காரப் பெண்மணி கொடுத்தார். நான் இதைக் கவனித்ததை அவரும் கவனித்துவிட்டார். "எல்லாருக்கும் ஒரே சாமிதானே பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தேங்காயைத் தட்டிப் பார்த்து வேறொன்று மாற்றித் தந்தார்.

கோவிலுக்குள் நெரிசல். வரிசையில் நிற்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் தன் குழந்தையை முன்னால் அனுப்பிவிட்டு, குழந்தையைத் தேடுவதாகச் சொல்லித் தானும் முன்னே போனார். தரிசனம் முடிந்து இராவணன் வெட்டைப் பார்க்கப் போனோம். பாறையைப் பிளந்துகொண்டு கீழே இறங்கும் அந்தப் பிளவின் அடியில் கடல் மோதும் சத்தம் மேலே வரை கேட்டது. இந்த மலையடிக் கடலில்தான் 1956இல் அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மூழ்கிப் பழைய கோவிலின் சிதைவுகளைக் கண்டார்கள் என்று தம்பி சொன்னபோது, அருகில் நின்ற பெரியவர் ஒருவர், தன் தகப்பனார் அந்தக் காலத்தில் அவர்களைப் பார்த்ததாகச் சொல்லி அரை மணி நேரம் பேசினார். எவ்வளவு உண்மை என்று அறியேன். கேட்கச் சுவையாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு நகரில் பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு அண்மையில் ஒரு சைவக் கடையைத் தேடிப் போனோம். கோவில் வாசலிலும் ஆடி வெள்ளிக் கூட்டம். அதில் பாதி அந்தக் கடைக்குள் இருந்தது. வாசலில் ஒரு கரும்பலகை. சாப்பாடு 450 ரூபாய் என்று மேலே எழுதி, அதற்குக் கீழே அன்றைய கறிகளை எழுதி, தீர்ந்துபோனவற்றைச் சுண்ணக்கட்டியால் அடித்திருந்தார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி அடிக்கப்பட்டிருந்தது. முதலாளி இடம் காட்டும்போதே, "கத்தரிக்காய் முடிஞ்சுது, பாயாசம் இன்னும் பத்துப் பேருக்குத்தான் காணும், இருக்கிறீங்களோ?" என்று கேட்டார். இருந்தோம். பருப்பு, பூசணிக்காய், பயிற்றங்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், அப்பளம், மோர்மிளகாய், பிறகு இரசம். சோறு கேட்கக் கேட்க வந்தது. பயிற்றங்காயில் உப்புச் சற்றுத் தூக்கலாக இருந்ததைத் தவிர, குறை சொல்ல இடமில்லாத சாப்பாடு. வெள்ளிக்கிழமைகளில் வெளியே உண்ணத் தயங்கும் அம்மா, சம்பலில் வெங்காயம் இல்லாததைக் கவனித்துச் சமையற்காரரைக் கூப்பிட்டே பாராட்டினார்.

மாலையில் உப்புவெளிக் கடற்கரை. காற்று அடங்கியிருந்தது, கடலும் குளம் போலக் கிடந்தது. கரையோரக் கடையொன்றில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 150 ரூபாய் கேட்டார்கள். போத்தல் தண்ணீருக்கு இவ்வாண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம் வர்த்தமானி மூலம் உச்ச விலை விதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு லீற்றருக்கு 100 ரூபாய். இதைத் தம்பி எடுத்துச் சொன்னபோது, மேலதிக 50 ரூபாய் குளிரூட்டியதற்கான கட்டணம் என்று விளக்கம் வந்தது. அப்படியானால் குளிராத போத்தலைத் தாருங்கள் என்றோம். குளிராத போத்தல் கடையில் இல்லையாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை நான் உரத்துச் சொன்னதும், போத்தல் 100 ரூபாய்க்கே குளிர்ந்துவிட்டது.

போயா என்பதால் மதுபானக் கடைகள் மூடியிருந்தன, இறைச்சியும் இல்லை. ஆயினும் கடற்கரை உணவகமொன்றில் சில வெளிநாட்டவர் பீங்கான் தேநீர்க் கேத்தலிலிருந்து கோப்பைகளில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்த தேநீரில் அளவுக்கு மீறிய நுரை இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு நன்றாக ஆற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். தம்பி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

9 ஆகஸ்ட், சனி

புறாத்தீவுக்குப் போவதென்று முடிவு செய்து நிலாவெளிக்குப் புறப்பட்டோம். வீட்டிலிருந்து கிளம்பத் தாமதமாகி, கரையை அடைந்தபோது பத்து மணி கடந்திருந்தது. கரையில் படகுகள் போவதும் வருவதுமாக இருந்தன. உயிர்காப்பு அங்கி அணிந்த கூட்டம் மணலில் அமர்ந்திருந்தது. படகுக்காரர் ஒருவரிடம் விலை கேட்டோம். படகுக்கு 10,000 ரூபாய், கண்ணாடியும் துடுப்புக் காலணியும் தனி வாடகை, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேறு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அவரே எங்களைத் தடுத்தார். "இப்ப போனா சனத்தைத்தான் பாக்கலாம் அக்கா. தண்ணி கலங்கிப் போச்சு, மத்தியானம் காத்தும் கிளம்பும். நாளைக்கு விடிய வாங்கோ, முதல் படகு உங்களுக்குத்தான்." நாங்கள் நாளை வேறொருவரின் படகில் ஏறிவிடக்கூடும் என்பதும், கையில் கிடைத்த 10,000 ரூபாயை அவர் விடுகிறார் என்பதும் அவருக்குத் தெரியாதிருக்காது.

திரும்பிக் கன்னியாவுக்குப் போனோம். நகரிலிருந்து அநுராதபுரம் செல்லும் வழியில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறிய கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூட்டில் வெந்நீர். தாயின் அந்திமக் கிரியைக்காக இராவணன் நிலத்தில் குத்தி வரவழைத்த ஊற்றுகள் என்பது ஐதீகம். இன்று தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில், சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே செல்ல வேண்டும். கோடை வெயிலில், போயா விடுமுறைக்கு மறுநாள், வெந்நீர் ஊற்றுக்குப் போவது புத்திசாலித்தனமா என்று கேட்டால், அம்மாவின் முழங்காலைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

வாளிகள் போதவில்லை. ஒரு வாளிக்கு மூன்று குடும்பங்கள் காத்திருந்தன. முன்னால் நின்ற மட்டக்களப்புக் குடும்பத்தினர், தாங்கள் இன்னும் குளித்து முடிக்காதபோதும், வயதான அம்மா நிற்கிறார் என்று கண்டு வாளியை நீட்டினார்கள். அந்த வீட்டுச் சிறுமி ஒவ்வொரு கிணற்றிலும் விரலை விட்டுப் பார்த்து, இது காணாது, இது சரி, இது சுடும் என்று அம்மாவுக்கு வழிகாட்டினாள். மறுபுறம், ஒருவர் தடையையும் மீறிச் சவர்க்காரம் போட்டுக் குளித்து, நுரையைக் கிணற்றோரமாகவே ஓடவிட்டார். காவலாளி இரண்டு முறை விசிலடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துவிட்டார். வாசலில் அவித்த சோளமும் செவ்விளநீரும் வாங்கினோம். செவ்விளநீர் விற்றவர் வெட்டியதைக் குடித்துப் பார்க்கச் சொல்லி, கரித்தால் காசு வேண்டாம் என்றார். கரிக்கவில்லை.

அன்றிரவு நடந்ததைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். உப்புவெளிக் கடற்கரையில், பனிக்கட்டியின் மேல் மீன்களை அடுக்கிக் காட்டி, தெரிந்தெடுத்ததைச் சுட்டுத் தரும் ஓர் உணவகத்துக்குப் போனோம். மின்விளக்குச் சரங்கள், மணலில் மேசைகள், நல்ல உபசரிப்பு. ஒரு பாரை மீனைக் காட்டி விலை கேட்டதற்குப் பரிமாறுபவர் "அறுநூற்றைம்பது" என்றார். அதன் அளவைப் பார்த்து, இவ்வளவு மலிவாக இருக்காதே என்று நான் மறுபடியும் கேட்டேன். "ஓம் மெடம், அறுநூற்றைம்பதுதான்" என்ற அதே விடை. மீன் உள்ளே போனது. நிறுத்ததை எவரும் எங்களுக்குக் காட்டவில்லை.

சுட்ட பாரை மிக அருமையாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மிளகும் தேசிக்காயும் உள்ளிறங்கி, தோல் மொறுமொறுவென்று, சதை பதமாக இருந்தது. பிறகு வந்த பற்றுச்சீட்டில் மீனுக்கு மட்டும் 9,100 ரூபாய். 650 ரூபாய் என்பது 100 கிராமுக்காம், மீன் 1.4 கிலோவாம். இரண்டு முட்டை பிரைட் ரைஸ் 2,400, மூன்று தேசிக்காய்ச் சாறு 1,800, பத்து வீதச் சேவைக் கட்டணம் 1,330, ஆக 14,630 ரூபாய்.

தம்பி குரலை உயர்த்தாமல், மீன் நிறுத்த சீட்டைக் கேட்டான். இல்லை. விலைப் பட்டியலில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டான். மீன் விலை நாளுக்கு நாள் மாறுவதால் எழுதுவதில்லையாம். வாடிக்கையாளர் பார்க்கும்படி விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. விலை நாளுக்கு நாள் மாறும் என்பதற்காகத்தானே கரும்பலகை இருக்கிறது, முந்தைய நாள் சைவக் கடைக்காரர் மணிக்கு மணி அழித்து எழுதினாரே என்றேன். முகாமையாளர் வந்தார். மிகப் பண்பாகப் பேசினார். சேவைக் கட்டணத்தை நீக்கினார்; மீனின் விலையைத் தொடவில்லை. 13,300 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தோம். கிராமுக்கு விலை சொல்வதில் தவறேதும் இல்லை, உலகெங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் இரண்டு தடவை கேட்ட பிறகும் "நூறு கிராமுக்கு" என்ற இரண்டு சொற்களை விழுங்கியதை மறதி என்று என்னால் கொள்ள முடியவில்லை. பரிமாறிய பையன் மலையகத்திலிருந்து பருவகால வேலைக்கு வந்தவன் என்று பேச்சில் தெரிந்தது. சேவைக் கட்டணத்தை நீக்கியதால் நட்டம் அவனுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற எண்ணம் நடந்து வரும் வழியில் வந்தது. தம்பி திரும்பிப் போய் அவன் கையில் 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தான்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

விடியற்காலையிலேயே நிலாவெளிக் கரையில் இருந்தோம். நேற்றைய படகுக்காரர் எங்களை அடையாளம் கண்டு கையசைத்தார். விலை அதே 10,000. அம்மா படகில் ஏற மறுத்து, கரையிலிருந்த கடையொன்றின் நிழலில் அமர்ந்துகொண்டார்.

கரையிலிருந்து தீவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். மாடப்புறாக்கள் கூடு கட்டும் பாறைத் தீவு. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவானது. காலை நேரத்துத் தண்ணீர் அடிவரை தெளிந்திருந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த கணத்திலேயே, மஞ்சளும் நீலமுமாக மீன்கள் என் கையிடுக்கால் போயின. ஆழம் குறைந்த பக்கத்தில், செட்டை நுனி கறுத்த சிறிய சுறாக்கள் மூன்று நான்கு, எங்களை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் சுற்றின. அவை மனிதரைத் தாக்குவதில்லை என்று படகுக்காரர் சொல்லியிருந்தார். ஆனாலும் தம்பி என் பின்னால் நீந்துவதையே விரும்பினான்.

பவளப் பாறைகளைப் பற்றி அதே மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை. பல இடங்களில் அவை முறிந்து, வெளுத்து, எலும்புத் துண்டுகளாகக் கிடந்தன. கரையில் நாம் மிதிப்பதே மணலைவிட அதிகமாக உடைந்த பவளத்தைத்தான். கடல் சூடேறுவது ஒரு காரணம், மிதிக்கும் கால்கள் இன்னொரு காரணம். எங்களைக் கொண்டுவந்தவர், நிற்க வேண்டாம், மிதந்துகொண்டே இருங்கள் என்று பல தடவை சொன்னார். ஒன்பது மணிக்குப் பின் வந்து இறங்கிய படகுகளில் சிலவற்றில் அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் பவளத்தின் மேல் வரிசையாக நின்று படமெடுத்துக்கொண்டார்கள். அவர் நேற்று எங்களைத் திருப்பி அனுப்பிய காரணம் அப்போது நன்றாகவே விளங்கியது.

கரைக்கு வந்தால், அம்மா கடைக்கார அக்காவோடு சேர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் கதிரை கொடுத்ததற்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அந்த அக்கா கோபித்துக்கொண்டார். அவரிடமே இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் வாங்கிச் சாப்பிட்டோம். மூவருக்கும் 1,150 ரூபாய். சொதியில் தேங்காய்ப்பாலைத் தாராளமாக விட்டிருந்தார்.

பிற்பகல் கிண்ணியா நோக்கிப் புறப்பட்டோம். வழியில் சீனன்குடாவில், மரங்களுக்கு இடையே உலகப் போர்க்கால எண்ணெய்த் தாங்கிகள் தென்பட்டன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது இந்தத் துறைமுகத்தின் மீதுதான். மாபிள் பீச் என்று அழைக்கப்படும் கடற்கரையிலும் சற்று இறங்கினோம். அதை விமானப்படை நடத்துகிறது. சீட்டு, தரிப்பிடம், குளிக்கும் எல்லை, சிற்றுண்டிச்சாலையில் அச்சிட்ட விலை என்று எல்லாமே ஒழுங்கு. குடாவுக்குள் இருப்பதால் அலையே இல்லை, பிள்ளைகளுக்குப் பொருத்தமான இடம். எனக்கு என்னவோ அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கத் தோன்றவில்லை.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். 2009இல் திறக்கப்படும்வரை இங்கே பாதை எனப்படும் மிதவையில்தான் வாகனங்களைக் கடத்தினார்கள். பாலத்தின் நடுவே காற்று காரைத் தள்ளியது. ஊருக்குள் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மதிய உணவு நேரம் முடியும் தறுவாயில் நுழைந்தோம். மேசை துடைத்துக்கொண்டிருந்த முதலாளி நானா, "புரியாணி அடியில கொஞ்சம் இருக்கு, பிடிச்சுப் போச்சு, அதைத் தரமாட்டேன். சோறும் இறால் கறியும் சுடச் சுடத் தரலாம், பத்து நிமிசம் இருப்பீங்களா?" என்று கேட்டார். பத்து நிமிடம் இருபத்தைந்து ஆனது. வந்தது சோறும், இறால் கறியும், கணவாய்ப் பொரியலும், முருங்கையிலைச் சுண்டலும். இறுதியில் வட்டிலப்பம்; ஏலக்காய் மணமும் கருப்பட்டியின் கனமும் கொண்டு, கரண்டி வைத்ததும் சற்று அசைந்து கொடுத்தது. மூவரும் நிறைய உண்டு 2,700 ரூபாய். தாமதமானதற்கு வருந்தி அம்மாவின் தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார்.

தயிர் வாங்க அவரே ஒரு வீட்டைக் காட்டினார். எருமைத் தயிர்ச் சட்டிகள் தாளால் மூடிக் கட்டப்பட்டு அடுக்கியிருந்தன. கோடையில் பட்டிகளைப் புல் தேடித் தூரத்துக்கு ஓட்டிச் செல்வதால் பால் குறைவு, அதனால் சட்டி 600 ரூபாய், மாரியில் வந்தால் இதைவிடக் குறையும் என்று அந்த வீட்டுப் பெண் விலையோடு காரணத்தையும் சேர்த்தே சொன்னார். இரண்டு சட்டி வாங்கினோம். ஒன்று அன்றிரவே, வீட்டுக்கார அக்காவின் பிள்ளைகளோடு சேர்ந்து, சீனி தூவி முடிந்துவிட்டது. மற்றதைத் தம்பி காரின் பின்னிருக்கையில் வைத்து, ஒரு வளைவில் கவிழ்த்து, இருக்கைத் துணி முழுவதும் தயிராக்கியிருந்தான். விறைக்க உறைந்த தயிர் ஆதலால் பாதியாவது சட்டிக்குள் நின்றது.

11 ஆகஸ்ட், திங்கள்

புறப்படும் நாள். தயிர் மணக்கும் காரைக் கழுவக் கொடுத்த இடத்தில் 1,500 ரூபாய் என்றார்கள். இருக்கையைக் கழற்றிக் கழுவுவதானால் 3,500, அதற்கு மூன்று மணி நேரமும் ஆகும், வீட்டிலேயே கழற்றி வெயிலில் போட்டால் போதும் என்றும் சொன்னார்கள். 1,500க்கே கழுவினோம்.

அந்த நேரத்தில் நானும் அம்மாவும் கருவாட்டுக் கடைக்குப் போனோம். கட்டாக் கருவாடு, நெத்தலி, திருக்கை, சுறா என்று கூடை கூடையாக இருந்தது. அம்மா கருவாட்டை முகர்ந்தும் முறித்தும் பார்த்துத்தான் வாங்குவார். கடைக்காரர்கள் இதை விரும்புவதில்லை. இந்தக் கடையில் இருந்த வயதானவர் தானே ஒரு துண்டை முறித்துக் கையில் கொடுத்தார். கட்டா கிலோ 2,800 என்று சொல்லி, தராசை அம்மா பக்கமாகத் திருப்பி வைத்து நிறுத்தார். பிறகு, "இது முந்தநாள் போட்டது, இன்னும் வடிவாக் காயேல்லை. ஊருக்குப் போய் ரெண்டு வெயில் காட்ட வேணும், நிறை குறையும், பிறகு என்னை ஏசப்படாது" என்றார். காய்ந்தது இல்லையா என்று அம்மா கேட்டார். இருக்கிறது, ஆனால் கிலோ 3,600 என்றார். எது இலாபம் என்று அம்மா திருப்பிக் கேட்க, அவர் சற்று யோசித்துவிட்டு, உங்கள் ஊர் வெயிலுக்கு ஈரமானதுதான் இலாபம் என்றார்.

ஈரக் கட்டாவில் இரண்டு கிலோ வாங்கினோம். கழுவிய காரில் கருவாட்டை ஏற்றக் கூடாது என்று தம்பி வீதியில் நின்று வாதாடினான். கடைக்காரர் உள்ளே போய், அதை மூன்று மடிப்புத் தாளில் சுற்றி, அதன்மேல் ஓர் உரப்பையும் கட்டி, உரப்பைக்கு 40 ரூபாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தந்தார்.